பின்னாலிருந்து கூப்பிடாத ஊர்

நவம்பர் 4, செவ்வாய்

ரொட்டி தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் இன்றைக்குக் கடைக்குப் போனேன். ரொட்டிக்காரி என்னைப் பார்த்ததும் மேசைக்கு மேலே எக்கி என் முழங்கையைத் தொட்டாள். பிறகு வாயை அகலமாகத் திறந்தாள், மூடினாள், திறந்தாள், மூடினாள். தொட்டி மீன் மாதிரி. சத்தம் மட்டும் வரவில்லை. விரலை நீட்டி ஒன்றா இரண்டா என்று காட்டினாள். எனக்கு முன்னால் நின்றவனிடம் அதே வாய் சளசளவென்று பேசிக்கொண்டுதான் இருந்தது. நான் போனால் மட்டும் ஊமைக் கூத்து.

வெளியூர்க்காரி என்றால் மாடு என்று நினைப்பு. மாட்டிடம்கூட நாங்கள் சத்தம் கொடுத்துத்தான் பேசுவோம்.

இதை எழுதுவது எதற்கென்றால், வாய் துருப்பிடிக்கிறது. கப்பல் கம்பெனி என் வீட்டுக்காரருக்குக் கொடுத்த டைரி இது. ஒரு பக்கம்கூட அவர் எழுதவில்லை. நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். பிழை இருந்தால் இருக்கட்டும். யார் பார்க்கப் போகிறார்கள்?

நவம்பர் 6, வியாழன்

பாத்ரூம் ஜன்னலில் முக்காலி போட்டு ஏறி, கழுத்தை ஒடித்துப் பார்த்தால் கடல் தெரிகிறது. "கடல் தெரியுற வீடு"ன்னு சொல்லித்தானே கூட்டிவந்தார் மனுஷன்.

அவர் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். வாலிபத்தில் ஒரு தடவை கப்பல் பழுதாகி இந்தத் துறைமுகத்தில் பல மாதம் நின்றதாம். அப்போது பாஷையைக் கற்றுக்கொண்டார். அன்றிலிருந்து ஒரே பாட்டு: கடைசிக் காலத்துக்கு அங்கதான் போகணும், அமைதியான ஊர். ரிட்டயர் ஆனதும் வீட்டை விற்று இங்கே கொண்டுவந்து வைத்தார். எனக்கு அமைதி வேண்டும் என்று யார் அழுதது? காய்கறி வண்டி தள்ளிப் பிழைத்தவள் நான். தெருமுனையில் "தக்காளியேய்" என்று ஒரு குரல் விட்டால் மூன்றாம் மாடியிலிருந்து கயிற்றில் கூடை இறங்கும். தூங்குகிற குழந்தை எழுந்துவிட்டது என்று சண்டைக்கு வருவார்கள். சண்டை முடிந்ததும் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு போவார்கள்.

இங்கே வந்து இரண்டு குளிர்காலம் முழுதாகத் தாண்டவில்லை. செப்டம்பரில் போய்விட்டார். கீழே சலூனில், முகத்தில் பாதி நுரையோடு, பேசிக்கொண்டே. சலூன்காரர் அவருக்கு உயிர்ச் சிநேகிதர். தினமும் காலையில் அங்கே உட்கார்ந்து பேசிப் பேசித் தீர்ப்பார். கடைசிப் பேச்சும் அங்கேதான். எனக்கென்று ஒரு வார்த்தை மிச்சம் வைக்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

மகன் வீடியோவில் வந்தான். "சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, கதவைப் பூட்டினியா." மூன்றுக்கும் தலையாட்டினேன். "அம்மா, பேசாம இங்க வந்துடு. அங்க உனக்கு என்ன தெரியும்? ஒரு வார்த்தை பேசத் தெரியுமா?"

தெரியாது. வந்துவிடுகிறேன் என்றுதான் எனக்கும் இருக்கிறது. இந்த ஊரைக் காறித் துப்பிவிட்டுப் போகலாம். ஆனால் அவன் கேட்ட விதம் பிடிக்கவில்லை. அப்பனும் இதே ராகத்தில்தான் கேட்பார்.

நவம்பர் 13, வியாழன்

இந்தக் கட்டடத்தைக் கவனிப்பவள் ஒருத்தி. படி துடைப்பாள், குப்பையை இறக்குவாள், இடுப்பில் ஒரு கொத்துச் சாவி ஜல்ஜல் என்று தொங்கும். சாவிக்காரி என்று பெயர் வைத்திருக்கிறேன். நல்லவள்தான். கெட்டவளும்தான். என்னவென்று சொல்ல? இன்றைக்கு ஒரு பெரிய ரொட்டித்துண்டும் சூப்பும் கொண்டுவந்தாள். வந்ததும் வழக்கம் போல ஹால் விளக்கை அணைத்து, போட்டு, அணைத்து, போட்டாள். பிறகுதான் உள்ளே வந்தாள். என் வீட்டு விளக்கு இவளுக்கு விளையாட்டு.

வாசல் மணிக்கும் இப்படித்தான். பொத்தானை அமுக்கினால் சத்தம் வராது. ஹாலில், அடுப்படியில், படுக்கை அறையில் சிவப்பு விளக்கு மினுக்கும். நாங்கள் குடிவந்த கொஞ்ச நாளில் சாவிக்காரியின் புருஷன் வந்து மாட்டிவிட்டுப் போனான். "இது எதுக்குங்க?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "இந்த ஊர்ல அப்படித்தான்" என்றார். மணிச் சத்தம்கூட ஆகாத ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். இந்த ஊரில் யாரும் யாரையும் பின்னாலிருந்து கூப்பிடுவதில்லை. நம்மைத் தாண்டி ஓடிவந்து, முன்னால் நின்று, கையை ஆட்டுகிறார்கள். குடையை மறந்து வைத்துவிட்டு வந்தேன் என்று ரொட்டிக்காரி மழையில் என்னை முந்திக்கொண்டு ஓடி வந்தாள். அங்கிருந்தே ஒரு சத்தம் கொடுத்தால் என்ன, வாயில் கொழுக்கட்டையா?

நவம்பர் 16, ஞாயிறு

ஆஸ்பத்திரி நினைவு வந்துவிட்டது. வேண்டாம் என்றால் போகிறதா?

அவர் போய்விட்டார் என்று டாக்டர் தலையாட்டியதும் நான் ஒரு குரல் எடுத்தேன். எப்படி எடுக்காமல் இருக்க முடியும்? பாதி ஆஸ்பத்திரி ஓடிவந்தது. என் அழுகையைப் பார்த்து அல்ல, சத்தத்தைக் கேட்டு. பேயைப் பார்த்த மாதிரி நின்றார்கள். சாவிக்காரி என் தொண்டையில் கை வைத்துப் பார்த்தாள். தொண்டையில். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நர்ஸ் ஒருத்தி நெஞ்சில் கை வைத்து ஏதோ வேண்டிக்கொண்டாள்.

புருஷன் செத்தால் பெண்டாட்டி அழுவது இவர்களுக்கு அவ்வளவு அதிசயம். அழக்கூட அனுமதி வாங்க வேண்டிய ஊர்.

நவம்பர் 20, வியாழன்

இன்றைக்குப் பகலில் கட்டடத்தில் அபாயச் சங்கு அலறியது. காது கிழிந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு, தலைதெறிக்கக் கீழே ஓடினேன். தீயெல்லாம் இல்லை, சும்மா சோதனையாம். கீழே சாவிக்காரி கையில் காகிதத்தோடு நின்றாள். மற்றவர்களை எல்லாம் எண்ணிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் எண்ணிக்கையை விட்டுவிட்டாள். என் வீட்டு ஜன்னலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். காதைத் தொட்டுக் காட்டினாள். நான் என் காதைத் தொட்டுப் பார்த்தேன். தோடு இருக்கிறதே என்று.

நவம்பர் 21, வெள்ளி

சாவிக்காரி வந்து ஒரு படத்தைக் காட்டினாள். காது படம். செவ்வாய்க்கிழமை தன்னோடு பஸ்ஸில் வர வேண்டும் என்று சைகை. போகிறேன். வீட்டுக்குள்ளேயே இருந்து என்ன செய்ய?

நவம்பர் 25, செவ்வாய்

முழுதாக எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

காது டாக்டர் வீடு. அலமாரி மாதிரி ஒரு சின்ன அறை, சுவரெல்லாம் மெத்தை. உள்ளே உட்கார வைத்துக் காதில் மாட்டிவிட்டார்கள். கையில் ஒரு பொத்தான். சத்தம் வந்தால் அமுக்கு என்று சைகை. கீ என்றது, அமுக்கினேன். கூ என்றது, அமுக்கினேன். கொசு பறக்கிற மாதிரி ஒரு சத்தம், அதற்கும் அமுக்கினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டர் முகம் மாறிக்கொண்டே வந்தது. சாவிக்காரி எழுந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

டாக்டர் என்னை வெளியே அழைத்து, யாருக்கோ போன் போட்டு, மேசையில் வைத்தார். போனிலிருந்து ஒரு பெண் குரல்.

"வணக்கம்மா. நான் சொல்றது கேக்குதா?"

தமிழ். ஒரு பொம்பளை வாயால் தமிழ். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "கேக்குது தாயே, கேக்காம என்ன" என்றேன்.

"அம்மா, நான் மொழிபெயர்த்துச் சொல்ற ஆளு. டாக்டர் கேக்கிறார், உங்களுக்குக் காது எப்போலேருந்து கேக்குதுன்னு."

"பொறந்ததுலேருந்துதான். இது என்ன கேள்வி?"

"இல்லம்மா... கூட வந்தவங்க சொல்றாங்க. உங்களுக்குப் பொறவியிலேயே காது கேக்காது, பேச்சும் வராதுன்னு."

"எவ சொன்னா அப்படி?"

"உங்க வீட்டுக்காரர் சொன்னாராம்மா."

நான் சிரித்தேன். யார் புருஷனையோ சொல்கிறாள் என்று. அவள் மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனாள். நாங்கள் வந்த புதிதில், ரொட்டிக் கடையில், வரிசையில் நின்றவர்கள் முன்னால், அவர் சொன்னாராம். அதற்குப் பிறகு தெரு முழுக்கத் தெரியுமாம். அதனால்தான் மணிக்கு விளக்கு. அதனால்தான் தொட்டுக் கூப்பிடுவது. சங்கு ஊதினால் என்னைத் தூக்கிக்கொண்டு வரச் சாவிக்காரியின் புருஷன்தான் பொறுப்பாம், எழுதி ஒட்டியிருக்கிறார்களாம்.

சாவிக்காரி ஏதோ கேட்டாள். குரல் நல்லதாக இல்லை.

"அம்மா, அவங்க கேக்கிறாங்க... இத்தனை நாளா நீங்க ஏன் நடிச்சீங்கன்னு."

"நடிச்சேனா? எனக்கே தெரியாதும்மா. சொல்லு அவகிட்ட."

சொன்னாள். சாவிக்காரி திருப்பி ஒரே வரி சொன்னாள். போன்காரப் பெண் தயங்கினாள். "சொல்லிடும்மா" என்றேன்.

"ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, தெரியாமலான்னு கேக்கிறாங்க."

பஸ்ஸில் சாவிக்காரி முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் பின்னால். சாவிக்கொத்துச் சத்தம் வழி நெடுகக் கேட்டது. எனக்குத்தான் கேட்குமே.

நவம்பர் 26, புதன்

அவர் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன்.

நவம்பர் 28, வெள்ளி

நீ என்று எழுதுகிறேன். உயிரோடு இருந்தவரைக்கும் நீங்க, வாங்க, போங்க. இன்னிக்கு நீதான்.

யோவ். ஊமைச்சின்னா சொன்ன என்னை? என் வாயைப் பத்தி உனக்குத் தெரியாதா? நீ கப்பல்ல கடல் கடலாப் போனப்போ இந்த வாய்தானே வண்டிய ஓட்டுச்சு. இந்த வாய்தானே உன் புள்ளைக்கு ஸ்கூல்ல சீட்டு வாங்கிச்சு. லீவுல வந்தா நீயே சொல்லுவ, "நாலு தெருவுக்கு முன்னாடியே உன் சத்தம் கேட்டுச்சுடி"ன்னு. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவ.

அந்த ரொட்டிக் கடை நாள் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அவ என்னவோ கேட்டா. நான் முழிச்சேன். திரும்பவும் கேட்டா. "அக்கா, ரொட்டி குடுங்க"ன்னு நம்ம பேச்சுலயே சத்தமாக் கேட்டேன். வரிசையில நின்னவங்க சிரிச்சாங்க. உன் காது சிவந்துபோச்சு. நீ அவங்ககிட்ட என்னவோ சொன்ன. எல்லாரும் கப்சிப். ஒரு கிழவர் என் தோளைத் தட்டிக் குடுத்தார். ரொட்டிக்காரி ஒரு பன் எடுத்துச் சும்மா குடுத்தா. நான் நினைச்சேன், எம்புருஷன் நல்லாத் திருப்பிக் குடுத்தார் போலன்னு. வர்ற வழியெல்லாம் பெருமை எனக்கு. "இனிமே நீ கடைக்கு வர வேண்டாம், நான் பாத்துக்கிறேன்"ன்னு சொன்ன. அதுவும் பாசம்னு நினைச்சேன்.

பாஷை கத்துக் குடுங்கன்னு எத்தனை தடவை கேட்டிருப்பேன்? "உனக்கு எதுக்கு, நான் இருக்கேன்ல." இப்பத்தானே புரியுது. கத்துக் குடுத்தா நான் பேசிடுவேன். பேசினா உன் பொய் அம்பலமாகிடும். உன் பொய் உசுரோட இருக்கணும்னு என்னை ஊமையா வச்சிருந்திருக்க.

ஒன்னே ஒன்னு சொல்லு. அவங்க என்னைப் பாத்துச் சிரிச்சது பொறுக்காமச் சொன்னியா? இல்ல, இவ எம்பொண்டாட்டின்னு சொல்லக் கூச்சப்பட்டுச் சொன்னியா? ரெண்டுல எதுன்னு சொல்லிட்டுச் செத்திருக்கலாம்ல. சலூன்ல அவ்வளவு பேசினியே.

நவம்பர் 29, சனி

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். கிழிக்கலாமா என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

தெருவுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. ரொட்டிக்காரி என் முழங்கையைத் தொடவில்லை. வாயையும் திறந்து மூடவில்லை. ரொட்டியை எடுத்து மேசையில் தொப்பென்று போட்டாள். பின்னால் நின்ற இரண்டு பேர் ஏதோ பேசினார்கள். பாஷை தெரியாவிட்டால் என்ன, என்னைப் பற்றித்தான் என்று முதுகுக்குத் தெரியாதா?

ஊமை என்று இரக்கப்பட்டார்கள், அது புரியாமல், என்னை மாடு என்று நினைக்கிறார்கள் என்று நான் திட்டினேன். இப்போது ஏமாற்றுக்காரி என்று நினைக்கிறார்கள். அவர் செய்த கூத்துக்கு நான் மேடையில் நிற்கிறேன். அவர் மாலை போட்டுக்கொண்டு போய்விட்டார்.

படிக்கட்டு முழுக்கத் துடைத்திருக்கிறது. என் வாசல் படி மட்டும் துடைக்கவில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

அன்றைக்கு டாக்டர் அறையில் போனை வைக்கும் முன்னால் அந்தப் பெண் மெல்லத் தன் சொந்த நம்பரைச் சொல்லியிருந்தாள். "கஷ்டம்னா கூப்பிடுங்கம்மா. ஆபீஸுக்குத் தெரிய வேண்டாம்." இன்றைக்குக் கூப்பிட்டேன். பின்னால் குக்கர் சத்தம், பிள்ளைகள் சண்டை. கேட்க நன்றாக இருந்தது.

"இவங்ககிட்ட நான் நடிக்கலன்னு எப்படிம்மா சொல்றது? நீ சொல்லிக் குடு. நான் மனப்பாடம் பண்ணிக்கிறேன்."

அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள். "என் கணவர் என் நன்மைக்காக அப்படிச் சொல்லிட்டார், மன்னிச்சுக்கோங்க. இப்படிச் சொல்லலாம்மா."

"என் நன்மைக்கா? நான் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?"

"மரியாதையா இருக்கும்ல. போனவரைப் பத்தி..."

"போனவருக்கு மரியாதை. இருக்கிறவளுக்கு?"

சிரித்துவிட்டாள். "சரி, நீங்களே சொல்லுங்க, என்ன சொல்லணும்?"

"எனக்குக் காது கேக்கும். அவர் பொய் சொன்னார். எனக்குத் தெரியாது. அவ்வளவுதான்."

மூன்று வரியையும் அந்தப் பாஷையில் சொன்னாள். தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். பல்லுக்குள் கல் மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு பாஷை.

டிசம்பர் 7, ஞாயிறு

மகன் டிக்கெட் போட்டுவிட்டானாம். ஜனவரி பதினேழு. என்னைக் கேட்கவில்லை. "ஹால்ல உனக்குக் கட்டில் போட்டுடலாம்மா. குட்டிப் பாப்பாவைப் பாத்துக்கிட்டா இவளும் திரும்ப வேலைக்குப் போவா. உனக்கும் பொழுது போகும்."

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் போனை மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான், வைத்ததை மறந்து. மருமகளிடம் சொல்வது கேட்டது: "அம்மாகிட்ட முதல்லயே சொல்லி வைக்கணும். அவ சத்தமாப் பேசுவா. அபார்ட்மெண்ட்ல கம்ப்ளெயின்ட் வரும்." மருமகள், "நீங்களே சொல்லுங்க, நான் சொன்னா தப்பாயிடும்" என்றாள்.

திட்டவில்லை, கெட்டதாக ஒன்றும் சொல்லவில்லை. நல்ல பிள்ளைகள்தான். ஆனால் கேட்டதும் உடம்பெல்லாம் எரிந்தது. இங்கே ஊமை என்று சொல்லி வைத்தான் அப்பன். அங்கே ஊமையாக இரு என்று சொல்லி வைப்பான் மகன்.

போனை எடுத்ததும், "என்னம்மா, சத்தத்தையே காணோம்?" என்றான்.

டிசம்பர் 10, புதன்

அந்த மூன்று வரி மண்டையில் ஏறமாட்டேன் என்கிறது. முதல் வரி வந்தால் மூன்றாவது ஓடிப்போகிறது. அடுப்படியில் நின்று, துணி மடித்துக்கொண்டே, குளித்துக்கொண்டே சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. ஆத்திரத்தில் துடைப்பத்தை வீசினேன்.

டிசம்பர் 11, வியாழன்

வந்துவிட்டது. தக்காளி, கத்தரி, வெண்டை என்று கூவுவேனே, அதே இழுவையில் போட்டுப் பார்த்தேன். தக்காளி இருக்கிற இடத்தில் காது கேட்கும். கத்தரி இருக்கிற இடத்தில் பொய் சொன்னார். கடைசியில் தூக்கி நிறுத்துகிற இடத்தில் எனக்குத் தெரியாது. கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. அந்த ராகத்தை மறக்க நான் செத்தால்தான் உண்டு.

டிசம்பர் 13, சனி

செய்துவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். கீழே இறங்கி, படிக்கட்டு சுற்றிச் சுற்றி மேலே போகிறதே, அதன் அடிவாரத்தில் நின்றேன். ரொட்டிக் கடையில் போய்த் தனியாக ஒருத்தியிடம் சொல்லலாம். ஒவ்வொரு கதவாகத் தட்டிச் சொல்லலாம். தட்டினால் முகத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்துவார்கள். வண்டிக்காரி வாசல் வாசலாகத் தட்டுவதில்லை. தெருமுனையில் நின்று ஒரு குரல்.

முந்தானையைச் செருகிக்கொண்டு, காதோரம் கையை வைத்துக்கொண்டு விட்டேன். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அந்தப் படிக்கட்டில் என் குரல் ஏறி, சுவரில் முட்டி, இன்னும் பெரிதாகத் திரும்பி வந்தது. எனக்குக் காது கேக்கும். அவர் பொய் சொன்னார். எனக்குத் தெரியாது. ஒவ்வொரு மாடியாகக் கதவு திறந்தது. தலைகள் எட்டிப் பார்த்தன. நாய் ஒன்று குரைத்தது. இன்னொரு தடவை கூவினேன். முதல் தடவையில் பாதிப் பேர் காதில்தான் விழும், இரண்டாவதில்தான் கூடை இறங்கும். அது தொழில்.

சாவிக்காரி துடைப்பத்தோடு வெளியே வந்தாள். என் முன்னால் நின்று மூச்சு விடாமல் பேசினாள். கோபமாகத்தான் பேசினாள். ஒரு வார்த்தை புரியவில்லை. நான் தலையாட்டவில்லை, சைகை காட்டவில்லை. அவள் நிறுத்தியதும் நான் தமிழில் ஆரம்பித்தேன். "நீ எனக்குச் சூப்பு கொண்டுவந்தே, நான் மறக்கல. ஆனா நடிச்சேன்னு சொன்னே பாரு, அதுக்கு உன்னை விடமாட்டேன்டி" என்று. அவளுக்கும் ஒன்றும் புரிந்திருக்காது. இரண்டு பேரும் சேர்ந்து கத்தினோம். ஒருத்தி பேச்சு ஒருத்திக்குப் புரியாமல் இவ்வளவு நல்ல சண்டையை நான் போட்டதே இல்லை.

கடைசியில் அவள் சுவரில் ஒட்டியிருந்த ஒரு காகிதத்தை உரித்தாள். சங்கு ஊதினால் என்னைத் தூக்கிவர வேண்டும் என்று எழுதியதாக இருக்கும். கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்திய சத்தத்தில் கட்டடமே அதிர்ந்தது. நான் நின்று கேட்டேன்.

டிசம்பர் 15, திங்கள்

சலூன்காரர் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிநேகிதனைப் பொய்யன் என்று ஊருக்கே கூவியவள் நான். அவருக்கு வலிக்கும். வலிக்கட்டும்.

எனக்கும்தான். யாருக்குத் தெரியப் போகிறது?

டிசம்பர் 18, வியாழன்

என் வாசல் படி துடைத்திருக்கிறது.

டிசம்பர் 22, திங்கள்

சலூன்காரர் மேலே வந்தார். விளக்கு மினுக்கியது. திறந்தால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். ஏதோ சொன்னார். எனக்குப் புரியாது என்று அவருக்கும் தெரியும். தொண்டையைச் செருமிக்கொண்டு, வாசலில் நின்றபடியே, முனக ஆரம்பித்தார்.

என் கூவல். தக்காளி, கத்தரி, வெண்டை. வார்த்தை இல்லை, இழுவை மட்டும். வெண்டையில் தூக்குகிற இடத்தைத் தப்பாகத் தூக்கினார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்தச் சனிக்கிழமை நான் கூவியதைக் கேட்டுக் கற்றுக்கொண்டாரா என்று நினைத்தேன். இல்லை. கண்ணை மூடி, தலையைப் பின்னால் சாய்த்துக் காட்டினார், சலூன் நாற்காலியில் சாய்ந்த மாதிரி. தாடையில் நுரை தடவுகிற மாதிரி கையை ஓட்டினார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த படத்தை, அது படம்தான் என்று எப்படியோ கண்டுபிடித்து, விரலால் காட்டினார். மறுபடி முனகினார். தினமும், தினமும் என்று கையைச் சுற்றினார்.

தினமும் அந்த நாற்காலியில் சாய்ந்துகொண்டு இதைத்தான் பாடினாராம் மனுஷன். இவர் ஏதோ எங்கள் ஊர்ப் பாட்டு என்று நினைத்திருக்கிறார். சனிக்கிழமை படிக்கட்டில் கேட்டபோதுதான் யார் பாட்டு என்று தெரிந்திருக்கும்.

அவர் போன பிறகு ஹாலில் உட்கார்ந்து அழுதேன். சத்தமாக. யாரும் ஓடிவரவில்லை. கீழ் வீட்டிலிருந்து குச்சியால் கூரையைத் தட்டினார்கள்.

டிசம்பர் 23, செவ்வாய்

படத்தைத் திருப்பி வைத்தேன். அதனால் மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. அந்தக் குரலை நாற்காலியில் சாய்ந்து பாடத் தெரிந்தவருக்கு, அதே குரல் எம்பொண்டாட்டிக்கு இருக்கிறது என்று நாலு பேரிடம் சொல்ல முடியவில்லையே. அந்தக் கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் முகத்தைப் பார்த்துத் திட்டுவது சௌகரியமாக இருக்கிறது.

ஜனவரி 4, ஞாயிறு

"டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடு" என்றேன்.

"அம்மா, விளையாடாத. அங்க உனக்கு யாரு இருக்கா?"

"என்னைக் கண்டா திட்ட நாலு பேர் இருக்காங்க."

"அதுக்கா இருக்கப்போற?"

"வெயில் காலம் வரட்டும், வந்து பாப்பாவைப் பாத்துட்டுப் போறேன். ஹால்ல கட்டில் வேண்டாம், பாய் போதும். சத்தமாத்தான் பேசுவேன். இப்பவே கம்ப்ளெயின்ட் குடுக்கிறவங்ககிட்டச் சொல்லி வச்சிடு."

அவன் முகம் சுருங்கிப்போயிற்று. அன்றைக்குக் கேட்டுவிட்டேன் என்று புரிந்துகொண்டான். புரியட்டும். அவனும் அழுதான், நானும் அழுதேன். மருமகள் எட்டிப் பார்த்து, "அத்தை, நான் சொல்லல, இவர்தான் சொன்னார்" என்றாள். நல்ல வேளை, அங்கேயும் சண்டைக்கு ஆள் இருக்கிறது.

ஜனவரி 17, சனி

இன்றைக்குத்தான் அந்த விமானம். நான் ரொட்டிக் கடையில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு என்று அவர்கள் பாஷையில் கேட்டேன். ரொட்டிக்காரி மூன்று கொடுத்தாள். இரண்டு என்று மறுபடியும் சொன்னேன். வார்த்தையைத் தப்பாகச் சொல்லியிருப்பேன் போல. வரிசையில் சிரித்தார்கள். எனக்கும் காது சூடாகிவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது? பக்கத்தில் யாரும் என் கையைப் பிடித்து வெளியே இழுக்கவில்லை. மூன்றாவது தடவை சொன்னேன். இரண்டு வந்தது.

ஜனவரி 29, வியாழன்

சாவிக்காரியின் புருஷன் வந்து விளக்கைக் கழற்றிவிட்டு மணி மாட்டினான். தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம். படுக்கை அறை விளக்கை மட்டும் கழற்ற வேண்டாம் என்று சைகை காட்டினேன். சைகை இன்னும் கைக்கு வருகிறது. ஏன் என்று கேட்டான், வாயால். பதில் சொல்லும் அளவுக்குப் பாஷை வரவில்லை. வந்தாலும் சொல்லியிருப்பேனா தெரியாது.

பிப்ரவரி 12, வியாழன்

சாவிக்காரியோடு மறுபடி சண்டை. என் துணியை மாடிக் கம்பியில் உலர்த்தினேன் என்று. அவள் பாஷையில் நாலு வசவு கற்றுக்கொண்டேன். போன்காரப் பெண்ணிடம் அர்த்தம் கேட்டேன். "ஐயோ அம்மா, இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றாள். எழுதி வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

மழை விட்டிருந்தது. கீழே தபால் பெட்டி அருகில் சாவிக்காரி நின்றுகொண்டிருந்தாள். தலையாட்டிவிட்டுத் தெருவில் இறங்கி, சலூனைத் தாண்டி, முனை வரை போய்விட்டேன். அப்போது பின்னாலிருந்து ஒரு சத்தம். தெருவே திரும்புகிற சத்தம்.

என் பெயர். நாக்கைத் திருகி, நடுவில் பாதியைத் தின்று, கடைசி எழுத்தை இழுத்து, என் பெயர். அவர்கூட என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இந்தா, ஏய் என்றுதான். எப்போது கேட்டுத் தெரிந்துகொண்டாளோ. என் குடையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டு, வாசலை விட்டு ஓரடி நகராமல், அங்கிருந்தே கத்தினாள்.

ஊரில் என்றால், போகிறபோது பின்னால் கூப்பிடுகிறாயே, விளங்குமா என்று எரிந்து விழுந்திருப்பேன்.

திரும்பிப் பார்த்தேன்.